கார்க் கீறலுக்குக் கேஸ் போடலாமா? இங்கிலாந்தின் ஆன்லைன் மனி க்ளெய்ம் சேவை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான சின்ன வழக்குகளுக்கு வக்கீல் தேவையில்லை, வீட்டில் உட்கார்ந்தே அரசின் ஆன்லைன் மனி க்ளெய்ம் சேவையில் போட்டுவிடலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் அதில் பாதி வேலை அந்த இணையதளத்துக்கு வெளியேதான் இருக்கிறது.

என் பிரச்சினை இது. கார்வாஷில் விட்ட கார் பக்கக் கண்ணாடி உடைந்து, கதவில் நீளமான கீறலோடு திரும்பி வந்தது. ரிப்பேருக்கு 640 பவுண்டு கேட்டார்கள். இன்சூரன்ஸுக்குப் போனால் முதல் 500 நான்தான் கட்ட வேண்டும், க்ளெய்ம் செய்யாமல் இருப்பதற்குக் கிடைக்கும் நோ க்ளெய்ம் தள்ளுபடியும் அடிபடும். கடைக்காரர் கையை நீட்டிச் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார்: "சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல." இந்த போர்டைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையை உரிய கவனத்தோடு செய்தே ஆக வேண்டும், அந்தப் பொறுப்பை ஒரு போர்டு மாட்டிக் கழற்றிவிட முடியாது.

யார் மீது கேஸ் போடுகிறோம் என்பதுதான் பெரிய வேலை. கடைப்பெயர் வேறு, கார்டு மெஷின் சீட்டில் இருந்த கம்பெனிப் பெயர் வேறு. அரசின் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸின் தளத்தில் இலவசமாகத் தேடிப் பதிவு முகவரியை எடுத்த பிறகுதான் விண்ணப்பத்தைத் தொட்டேன். பெயர் தப்பாகப் போனால் தீர்ப்பு வந்தும் வசூலிக்க வழியிருக்காது. விண்ணப்பிப்பதற்கு முன்னால், கேஸ் போடப் போகிறேன் என்று எதிராளிக்கு 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். போட்டோ, இரண்டு ஒர்க்‌ஷாப் மதிப்பீடு, ரசீது எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள்.

படிவம் நன்றாக இருக்கிறது, கேள்வி கேள்வியாகக் கூட்டிப்போகிறது, சட்ட மொழி குறைவு. 500 முதல் 1000 பவுண்டு வரையிலான வழக்குக்குக் கட்டணம் 70, ஜெயித்தால் அது எதிராளி தலையில் விழும். விசாரணை வரை போனால் தனிக் கட்டணம் உண்டு, அதை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தோற்றாலும் சாதாரணமாக எதிராளியின் வக்கீல் செலவு உங்கள் மேல் வராது, எனக்குத் தைரியம் வந்தது அதனால்தான்.

அப்புறம் கோர்ட் தரப்பில் ஏற்பாடு செய்யும் போன் சமரசம். இலவசம், அதிகபட்சம் ஒரு மணி நேரம், சமரசம் செய்பவர் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பேசுவார், நேருக்கு நேர் சண்டை இல்லை. ஆனால் யார் சரி என்று அவர் சொல்லமாட்டார், அதை எதிர்பார்த்துப் போனால் எரிச்சல்தான் மிஞ்சும். எவ்வளவுக்கு இறங்குவீர்கள் என்று முன்னாலேயே முடிவு செய்துகொண்டு போனை எடுங்கள். நான் 560-க்குச் சம்மதித்தேன்.

பெரிய குறை, தீர்ப்பு வாங்கினாலும் கோர்ட் தானாகப் பணத்தை வசூலித்துத் தராது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அவர்கள் பெயர் 6 வருடம் கோர்ட் தீர்ப்புகளின் பதிவேட்டில் இருக்கும், சரி, ஆனால் ஜப்திக்கு ஆள் அனுப்ப நீங்கள்தான் மறுபடி விண்ணப்பித்து மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். இழுத்து மூடப்போகிற கடையாக இருந்தால் 70 பவுண்டும் வீண். நல்ல வியாபாரம் நடக்கிற இடமாக இருந்தால் தயங்காமல் போடுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.