அயோனா தீவின் ஓரான் சிற்றாலயம்: சுங்கை சிப்புட்டிலிருந்து போனவளின் அனுபவம்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் படிக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, அங்கே மேற்குக் கரையோரம் உள்ள அயோனா தீவுக்கும் போனோம். ஓபன் துறைமுகத்தில் ஃபெர்ரி, மல் தீவைக் கடக்கப் பஸ், அப்புறம் இன்னொரு ஃபெர்ரி. அலுப்புதான். ஆனால் ஓரான் சிற்றாலயத்தின் 12ஆம் நூற்றாண்டு வாசல் வளைவைக் கிட்டே பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. வரிவரியாகச் செதுக்கிய கல், முனை மழுங்கி நிற்கிறது. உள்ளே ஒரே சின்ன அறை.

சுற்றியுள்ள இடுகாட்டில் ஸ்காட்லாந்து மன்னர்களைப் புதைத்ததாகச் சொல்கிறார்கள். 1994இல் இறந்த பிரிட்டன் தொழிற்கட்சித் தலைவர் ஜான் ஸ்மித்தும் அங்கேதான். பழைய செதுக்குக் கற்களை அயோனா கிறிஸ்தவ மடத்து அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

அங்கே புல்லை ஒட்ட வெட்டியிருந்தது. மலேசியாவில் எங்கள் தோட்டத்து இடுகாட்டில் தாத்தாவின் கல்லறைக் கல்லை லாலாங் புல் மூடிக்கிடக்கிறது. கண் கலங்கிவிட்டது. தீபாவளிக்கு முன்னே வெட்டிவிடத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். போகிறவர்கள் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.