குல்மார்க் பனிச்சறுக்கு: நோட்டீஸ் கடைக்காரன் போடும் மூன்றரை நட்சத்திரம்

மதுரை தெற்கு மாசி வீதியில் இருபத்திரண்டு வருஷமாக நோட்டீஸ், பிளக்ஸ், கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் போர்டுக்குத்தான் போகும். பிப்ரவரியில் குடும்பத்தோடு காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போனபோது மகள் பனியைப் பார்த்துக் கத்துகிறாள். நான் ஒரு டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில் நீலம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "ஏங்க, இங்கயும் கடை ஞாபகமா?" என்றாள் என் வீட்டுக்காரி.

முதலில் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டூர் கம்பெனியில் நான்கு பேருக்குப் பேக்கேஜ் போட்டோம். 'பனிச்சறுக்கு உட்பட' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மரப்பலகையில் உட்காரவைத்து ஒருத்தர் கயிறு கட்டி இழுத்துப்போவதுதான் அந்தப் பனிச்சறுக்கு. காலில் நீளப் பலகை மாட்டிச் சறுக்கும் ஸ்கீ வேண்டுமென்றால் தனிக் காசு. கேட்டால், கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறோமே என்கிறார்கள். 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று அந்தப் பொடி எழுத்தை ஆயிரம் நோட்டீஸில் நானே கோர்த்துக் கொடுத்திருக்கிறேன். யாரிடம் போய்ச் சண்டை போட?

ஸ்ரீநகரில் இருந்து குல்மார்க் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பனி கொட்டிக் கிடந்ததால் தங்மார்க்கில் இறக்கிவிட்டு, டயரில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற்றினார்கள். நீளக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். குல்மார்க்கின் உயரம் 2,650 மீட்டர். நம் கொடைக்கானலைவிட ஐந்நூறு மீட்டர் அதிகம். அங்கிருந்து கோண்டோலா, அதாவது கம்பிவடத்தில் தொங்கிப் போகும் ரோப் கார். ஆறு பேர் உட்காரும் பெட்டி. 1998இல் திறந்த முதல் கட்டம் கோங்டோரி வரைக்கும், 2005இல் திறந்த இரண்டாவது கட்டம் அபர்வத் மலைத்தோள் வரைக்கும், ஏறக்குறைய நாலாயிரம் மீட்டர் உயரத்துக்கு. நாங்கள் முதல் கட்டத்தோடு திரும்பிவிட்டோம். அதற்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோண்டோலாவுக்குக் கீழே, புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான சின்னச் சரிவு இருக்கிறது. மச்சினன் சூரத்துக்கு ஜவுளி எடுக்கப் போய்வருகிறவன், ஹிந்தி சரளம். நாலாயிரத்தில் ஆரம்பித்த ஆளை, பலகை, பூட்ஸ், வாத்தியார் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குக் கொண்டுவந்தான். பூட்ஸ் வாடகைக் கடையில்தான் கோளாறு. ஸ்கீ பூட்ஸுக்கு அளவு சென்டிமீட்டரில். பாதத்தை அளந்து 24, 24.5 என்று எடுக்க வேண்டும். அந்தக் கடைக்காரர் என் மகளின் ரப்பர் பூட்ஸை ஒரு பார்வை பார்த்தார், ஒரு ஜோடியைத் தூக்கிப் போட்டார், அவ்வளவுதான். அது செருப்பு மாதிரி இல்லை. கெட்டிப் பிளாஸ்டிக், நான்கு கொக்கி, காலுக்கு மாவுக்கட்டுப் போட்டது மாதிரி. குளிருக்கு இரண்டு உல்லன் சாக்ஸ் வேறு மாட்டியிருந்தாள். பத்து நிமிஷத்தில், "அப்பா, கழட்டுங்கப்பா, வலி தாங்கல" என்று அழுகை.

வாத்தியார் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஒன்றும் பேசவில்லை. பனியில் மண்டி போட்டு, கொக்கிகளை அவிழ்த்து, விரலை உள்ளே விட்டுத் துழாவினார். உள்ளே போட்டிருந்த தெர்மல் பேன்ட் சுருண்டு மடிந்து எலும்புக்கும் பூட்ஸுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. அதை மேலே இழுத்துவிட்டு, இரண்டு சாக்ஸில் ஒன்றைக் கழற்றி எங்கள் கையில் கொடுத்தார். ஒரு சாக்ஸ், மெல்லிசாக, முழங்கால் வரை நீளமாக இருந்தால் போதுமாம். இரண்டு போட்டால் ரத்தம் ஓடாமல் கால் இன்னும் ஜில்லென்று ஆகுமாம். அடுத்து பலகையில் பூட்ஸ் மாட்டவில்லை. அடிப்பாகத்தில் பனி அப்பிக் கட்டியாகியிருந்தது. கைக்கம்பால் தட்டிச் சுரண்டினார். முன்விரலை முதலில் நுழைத்துக் குதிகாலை அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம். மகள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

பிறகு பாடம். பலகைகளின் மூக்கை ஒட்டு, வாலை விரி, அதுதான் பிரேக். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று: பயந்தால் உடம்பு தன்னால் பின்னுக்குச் சாயும், சாய்ந்தால் பலகை இன்னும் வேகமாக ஓடும். முன்னால் சாய்ந்து கொடுத்தால்தான் கட்டுக்குள் நிற்கும். மச்சினனுக்கு இது கடைசி வரை பிடிபடவில்லை. "மச்சான், பிடிங்க, பிடிங்க!" என்று கத்திக்கொண்டே போய் வேலியில் விழுந்தான். வாத்தியார் பின்னாலேயே, "மெத்துவா, மெத்துவா" என்று ஓடிவந்தார். அந்தத் தமிழைப் போன வருஷம் ஒரு சேலம் பார்ட்டி கற்றுக்கொடுத்ததாம்.

இந்தத் தொழிலில் இருப்பதால் உலகத்து விளம்பரங்களைத் தேடிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிமலை. ஒருத்தர் 'இங்கே எல்லாம் ஒரே செங்குத்து, மனுஷன் எப்படிச் சறுக்குவது' என்று திட்டி ஒற்றை நட்சத்திரம் போட்டார். அவர்கள் அந்தத் திட்டையே பெரிய படத்தின் மேல் அச்சடித்து விளம்பரமாக விட்டார்கள். கைதேர்ந்தவன் அதைப் படித்தால் அடுத்த வண்டியில் வந்துவிடுவான். ஸ்விட்சர்லாந்தில் செயின்ட் மோரிட்ஸ் ஓட்டல்காரர் யோஹான்னஸ் பாட்ரட்டைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1864இல், கோடையில் மட்டும் வந்துபோன ஆங்கிலேயர்களிடம் 'குளிர்காலத்தில் வாங்க, பிடிக்கவில்லையென்றால் போக்குவரத்துச் செலவு என்னுடையது' என்று பந்தயம் கட்டினாராம். வந்தவர்கள் ஈஸ்டர் வரை கிளம்பவே இல்லையாம். கொலராடோவில் ஸ்டீம்போட் 1982இலேயே, பெற்றோர் பல நாள் டிக்கெட் எடுத்தால் பிள்ளைக்கு இலவசம் என்று ஆரம்பித்தது.

குல்மார்க்குக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் வாழ்நாளில் முதன்முறையாகப் பனியைத் தொடுகிறவர்கள். அவர்களுக்கு மலை அழகு என்று போஸ்டர் ஒட்டத் தேவையில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் கால் வலிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், ஊருக்குப் போய் அவர்களே பத்துப் பேரிடம் சொல்வார்கள். பாதம் அளக்கிற ஒரு பலகை, சுத்தமான ஒற்றைச் சாக்ஸ், வாத்தியார் காசு இத்தனை என்று ஒரு போர்டு, சறுக்கி முடித்ததும் குங்குமப்பூ மிதக்கும் ஒரு கப் காவா டீ. மொத்தச் செலவு ஒரு பிளக்ஸ் காசுகூட வராது.

இன்னொன்று. 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே விழாமல் புல்வெளி காய்ந்து கிடந்தது. மாசக் கடைசியில்தான் விழ ஆரம்பித்தது. பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு அங்கே நடந்தேவிட்டது. ஆனால் டிக்கெட்டை ரத்து செய்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? வைகை அணையில் 71 அடிக்கு இன்றைக்கு எத்தனை அடி என்று நாம் தினமும் பேப்பரில் பார்க்கிறோம் இல்லையா, அதுபோல இன்றைய பனி எத்தனை அங்குலம் என்று தினம் ஒரு வரி, தமிழிலும் சேர்த்துப் போட்டால் போதும். கூடவே சரிவில் ஒரு கேமரா. பனி இல்லாத நாளில் இல்லை என்றே காட்டட்டும். அப்போதுதான் இருக்கிற நாளில் நம்புவோம்.

அரை நட்சத்திரம் பூட்ஸ் கடைக்காகக் குறைத்தேன். ஒன்று முழுசாகப் போனது அந்த 'உட்பட'வுக்கு. மூன்றரையும் வாத்தியாருக்குத்தான் என்றாள் வீட்டுக்காரி. மகளின் கால் கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாக இருக்கிறது, ஆனாலும் அடுத்த ஜனவரிக்கு எப்போது டிக்கெட் போடப்போகிறோம் என்று வாரம் ஒருமுறை கேட்கிறாள்.

திரும்பி வந்ததும் அரைத்தாளில் ஐந்நூறு நோட்டீஸ் அடித்தேன்: ஒரு சாக்ஸ் போதும், பாதத்தை அளக்கச் சொல்லுங்கள், தெர்மல் பேன்ட் பூட்ஸுக்குள் போகக் கூடாது, காசை முன்னாலேயே பேசுங்கள். மீனாட்சி கோயிலைச் சுற்றி காஷ்மீர் கைவினைக் கடைகள் இருக்கின்றன அல்லவா, மாடியில் ஏறிக் கோபுரம் பார்க்கலாம் என்று வெளிநாட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, வருகிற வழியெல்லாம் சால்வையைக் காட்டுவார்களே, அதில் ஒரு கடையில் நூறு நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதைவிடப் பொருத்தமான இடம் மதுரையில் கிடையாது. அங்கிருந்த காஷ்மீர்ப் பையன் வாங்கிப் பார்த்தான், தமிழ் படிக்கத் தெரியாது, கல்லாக் கண்ணாடிக்கு அடியில் ஒன்றைச் செருகினான். பிறகு என் தோளைத் தொட்டு, "அண்ணே, மாடிக்கு வாங்க, கோபுரம் சூப்பரா தெரியும், காசு வேணாம்" என்றான்.