வேலூர் வெயிலில் ரெட், ஒயிட் வைன்: சில வருட அனுபவம்

ரெட் வைனை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் அறை ஐரோப்பாவில் இருக்கிறது, 16 முதல் 18 டிகிரி. சத்துவாச்சாரியில் எங்கள் ஹால் மே மாதத்தில் ராத்திரி கூட 30-க்குக் கீழே இறங்காது. அந்தச் சூட்டில் எந்த ரெட்டைத் திறந்தாலும் முதலில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும், பழ வாசனை பின்னால் போய்விடும். சில வருடங்களாக மனைவியும் நானும் வீட்டில் வைன் ருசித்து வருகிறோம். நம் ஊரைப் பொறுத்தவரை விலையையும் லேபிளையும் விட பாட்டில் எந்தச் சூட்டில் இருக்கிறது என்பதே முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ரெட்டை அரை மணி நேரம், கோடையில் முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் திறக்கிறோம். ஒயிட்டுக்கு நேர் எதிர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே சூலா நிறுவனத்தின் செனின் பிளாங்க் என்ற ஒயிட்டை ஊற்றினால் வாசனையே இருக்காது, வெறும் குளிர்ச்சிதான். பத்து நிமிடம் போகட்டும். முதலில் எலுமிச்சை வரும், அப்புறம் பழுத்த கொய்யா, கடைசியில் லேசாகத் தேன். ஒரே கிளாஸில் இந்த மாற்றத்தைக் கவனிப்பதுதான் எனக்கு இதில் பெரிய சந்தோஷம். அதனால் கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றுவதில்லை. மேலே காலி இடம் இருந்தால்தான் வாசனை தங்கும்.

ஷிராஸ் என்ற ரெட்டில் மிளகு வாசனை வரும் என்பார்கள். எனக்கு நன்றாகவே வரும், மனைவிக்கு வரவே வராது. ரொட்டண்டோன் என்ற பொருள்தான் காரணம், நம் மிளகிலும் அதுவேதான் இருக்கிறது. சுமார் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனையே தெரியாதாம். ஆகவே உங்களுக்குத் தெரியாத வாசனையைத் தெரிவதாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

மச்சான் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் வேலை பார்க்கிறார். முதல் முறை கேபர்னே சாவிஞோன் என்ற ரெட்டைக் குடித்ததும், "என்ன மாமா, கடுக்காயைக் கடிச்ச மாதிரி வாய் கட்டுது" என்றார். மிகச் சரியாகச் சொன்னார். ரெட்டைத் திராட்சைத் தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்க விடுகிறார்கள், அதிலிருந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்குகிறது. ஒயிட்டுக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து பிரித்துவிடுவதால் இந்தத் துவர்ப்பு அதிகம் இருக்காது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத் தோல் பதனிடுவதும் டானினை வைத்துத்தான். அங்கே தோலின் புரதத்தைப் பிடிக்கிறது, இங்கே நம் எச்சிலின் புரதத்தைப் பிடிக்கிறது, வாய் வறண்டுபோகிறது. கூடவே ஆட்டுக்கறி இருந்தால் கறியின் புரதமும் கொழுப்பும் டானினை வாங்கிக்கொள்ளும், துவர்ப்பு அடங்கிவிடும்.

அப்படியானால் ஆம்பூர் பிரியாணிக்கு ரெட்தானே என்று தோன்றும். எங்கள் வீட்டில் அது சரிப்படவில்லை. காரத்தோடு டானினும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல் கூடும். காரமான பிரியாணிக்கு லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க்தான் பொருந்துகிறது. தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காயின் புளிப்புக்கும் அது ஈடுகொடுக்கும், ஏனென்றால் உணவில் இருக்கும் புளிப்பு வைனிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் வைன் சப்பென்று ஆகிவிடும். மிளகு போட்ட சுக்கா வறுவல் என்றால் மட்டும் க்ரோவர் நிறுவனத்தின் லா ரிசர்வ் என்ற ரெட்டை எடுப்பேன். கேபர்னேவும் ஷிராஸும் கலந்தது, நந்தி மலைப் பக்கத்துச் சரக்கு.

வாங்கும்போது கவனம் தேவை. ஒரு கடையில் வெயில் படும் அலமாரியில் நின்ற ரெட்டைக் கொடுத்தார்கள். வீட்டில் பார்த்தால் கார்க் மேலே தள்ளியிருந்தது, மூடியைச் சுற்றி பிசுபிசுப்பு, உள்ளே காய்ச்சின ஜாம் வாசனை. நல்ல விலை கொடுத்த பாட்டில், மனசு ஆறவில்லை. இப்போதெல்லாம் உள்ளே தள்ளி நிழலில் இருக்கும் பாட்டிலைத்தான் கேட்டு வாங்குகிறேன்.

வைத்துக்கொள்ளத் தனி வைன் கூலர் வாங்கலாமா என்று யோசித்தோம். மாதத்துக்கு இரண்டு மூன்று பாட்டில்தான், வாங்கிய வேகத்தில் திறந்துவிடுகிறோம். ஃபிரிட்ஜின் காய்கறி டிரேயே போதும். திறந்தது ரெட்டானாலும் மூடி அங்கேயே வைத்து மூன்று நாளில் முடித்துவிடுகிறோம். அதற்கு மேல் போனால் காடி வாசனை எட்டிப்பார்க்கும்.