ஒரே பிரார்த்தனையா, தொகுப்பா?

இயற்கையைக் கொண்டாடும் பிரார்த்தனைப் படப் புத்தகங்களில் இரண்டு வகை உண்டு. புத்தகம் முழுக்க ஒரே பிரார்த்தனை, வரிவரியாக நகர்வது ஒன்று. பல பிரார்த்தனைகளைத் திரட்டித் தருவது இன்னொன்று.

சின்னக் குழந்தைக்கு என் ஓட்டு முதல் வகைக்குத்தான். படப் புத்தகம் என்றால் பெரும்பாலும் 32 பக்கம். அதில் ஒவ்வொரு வரிக்கும் எதிரெதிர் பக்கங்கள் இரண்டிலும் ஓவியம் விரிய இடம் கிடைக்கிறது. ‘மழைக்கு நன்றி’ என்று வாசித்து முடித்த பிறகும் குழந்தை பக்கத்தைப் புரட்ட விடாது. இலைக்கு அடியில் ஒதுங்கிய நத்தையை விரலால் தொட்டுக்கொண்டே இருக்கும். விட்டுவிடுங்கள், அதுவும் பிரார்த்தனையில் சேர்த்திதான். அப்புறம், சில முறை கேட்டாலே வரிகள் மனப்பாடம் ஆகிவிடும். அசிசியின் புனித பிரான்சிஸ் 1225 வாக்கில் இயற்றிய துதிப்பாடல் இந்த வடிவத்துக்கு அருமையாகப் பொருந்தும்: சூரியன் சகோதரன், நிலா சகோதரி, பூமி தாய் என்று உறவு சொல்லியே போகிறது. ஓவியருக்கு வேறென்ன வேண்டும்!

தொகுப்பில் படம் பல சமயம் சுருங்கி ஓரத்துக்குப் போய்விடும். ஆனால் தானே வாசிக்கும் பிள்ளைக்கு அதுதான் சரி. இடி இடிக்கும் ராத்திரிக்கு ஒன்று, செத்துக் கிடந்த குருவிக்கு ஒன்று என்று தேடி எடுக்கலாம். பல மதங்களின் குரலும் ஒரே அட்டைக்குள் கிடைக்கலாம்.

எதை வாங்கினாலும் ஓவியத்தை உற்றுப் பாருங்கள். என்ன பறவை, என்ன மரம் என்று சொல்லவே முடியாத அலங்காரப் படங்கள் என்றால் வேண்டாம்.