தங்கவயல் குடும்பங்களுக்குக் கார்ன்வால் பதிவேடுகள்: ஓர் இலவசச் சேவையின் மதிப்புரை

பெரம்பூர், பரங்கிமலை போன்ற இடங்களில் வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சிலவற்றில், தங்கள் கொள்ளுத்தாத்தா கோலார் தங்கவயலில் கேப்டனாக இருந்தவர் என்ற பேச்சு இன்றும் உண்டு. அவர் பட்டாளத்துக் கேப்டன் அல்லர். கார்ன்வால் சுரங்கங்களில் மேற்பார்வையாளருக்கு அதுவே பட்டம். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள அந்தக் கவுண்டியில் 1860களில் செம்புத் தொழில் நொடித்தபின் பிழைப்புத் தேடிக் கடல் கடந்த சுரங்கத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர், 1880களிலிருந்து, ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்த தங்கவயலுக்கு வந்து சேர்ந்தார்கள். என் மனைவியின் தாய்வழி அத்தகையது என்பதால், 'கார்ன்வால் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ்' என்னும் இணையத் தரவுத்தளத்தைச் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன்.

இதை நடத்துவோர் தன்னார்வலர்கள். ஒவ்வொரு திருச்சபைப் பங்குக்கும் (பாரிஷ், அதாவது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதி) ஒருவர் பொறுப்பேற்று, அந்த ஊரின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் படித்து எழுத்துப்படியாக்கித் தருகிறார்கள். கட்டணம் இல்லை. பக்கத்தின் தோற்றம் பழையது. ஆனால் தேடல் படிவம் தெளிவானது. குடும்பப் பெயர், பங்கு, ஆண்டு வரம்பு ஆகியவற்றோடு, ஞானஸ்நானத் தேடலில் தாய் தந்தையரின் பெயரையும் கொடுக்கலாம். கட்டணத் தளங்கள் பல யாரோ கட்டிய குடும்ப மரத்தை நம் முன் நீட்டி ஒப்புக்கொள்ளச் சொல்லும்போது, இது பதிவேட்டு வரியை மட்டும் தந்துவிட்டு முடிவை நம்மிடம் விடுகிறது. அந்தத் தன்னடக்கமே இச்சேவையின் பெரிய நன்மை என்பேன்.

பெயர்க் குழப்பம்தான் உண்மையான சோதனை. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கம் அங்கும் பரவலாக இருந்ததால், ரெட்ரூத், கேம்போர்ன் போன்ற சுரங்க ஊர்களில் ஒரே தலைமுறையில் ஒரே பெயருடைய தாமஸ்களும் வில்லியம்களும் கூட்டமாக நிற்பார்கள். இங்கே துணைக்கு வருவது சட்டம். 1812-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1813 முதல் அச்சிட்ட படிவங்களில் ஞானஸ்நானம் பதியப்பட்டபோது, தந்தையின் தொழிலும் வசிப்பிடமும் எழுதப்பட்டன. 1837 ஜூலை முதல் திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் சேர்ந்தன. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து, 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள பிறந்த பங்கின் பெயரோடு பொருத்தினால், ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துவிடலாம். 1841 கணக்கெடுப்பு இதற்கு அவ்வளவு உதவாது. அது ஒருவர் அதே கவுண்டியில் பிறந்தாரா என்பதோடு நின்றுவிடுகிறது, பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதையும் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்தே காட்டுகிறது.

குறைகளும் உண்டு. எல்லாப் பங்குகளும் ஒரே அளவில் எழுத்துப்படியாகவில்லை. ஆகவே தேடலில் பெயர் வரவில்லை என்பதால் அந்த மனிதர் அங்கே பிறக்கவில்லை என்று கொள்ளக் கூடாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி மீண்டும் மீண்டும் வந்து பிரசங்கித்த கவுண்டி அது. சுரங்கக் குடும்பங்களில் மெதடிஸ்டுகள் ஏராளம். எனவே இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் பதிவேட்டில் காணாத குழந்தையை மெதடிஸ்ட் பதிவேட்டிலும் தேட வேண்டும். அரசுப் பிறப்புப் பதிவும் 1875 வரை உறுதியாக அமல்படுத்தப்படவில்லை என்பதால், அதற்கு முந்திய பிறப்புகள் சில அந்த அட்டவணையிலும் விடுபட்டிருக்கும். எழுத்துப்படி என்பது ஒருவர் கண்ணால் படித்து எழுதியது. முக்கியமான வரியை மூலப் படத்தோடு ஒப்பிட்ட பின்பே குடும்ப வரலாற்றில் சேர்ப்பது நல்லது. மூலப் பதிவேடுகள் ரெட்ரூத்தில் பழைய பீர் ஆலை இருந்த இடத்தில் 2019-இல் திறக்கப்பட்ட 'கிரெசன் கெர்னோ' ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

சென்னையிலிருந்து தேடுவோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இச்சேவையைத் திறந்தவுடன் குடும்பப் பெயரைத் தட்டிப் பயனில்லை. பங்கின் பெயர் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தந்தையின் பெயராவது கையில் இருக்க வேண்டும். அதைத் தரக்கூடியவை இந்தியப் பக்கத்து ஆவணங்களே. சென்னை மாகாணத்திலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தனித் தொகுதியாக உள்ளன. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றைத் தேடுவோருக்காக 1998-இல் தொடங்கிய 'ஃபிபிஸ்' சங்கத்தின் இலவசத் தேடலில் அவற்றிலிருந்தும் பிற மூலங்களிலிருந்தும் எடுத்த பெயர்கள் கிடைக்கும். திருமணப் பதிவில் தந்தையின் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டுப் பெட்டியிலுள்ள பைபிளின் முன்பக்கக் குறிப்புகளையும் கல்லறைக் கல்வெட்டுகளையும் அதற்கு முன்பே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். எங்கள் வீட்டில் பங்கின் பெயர் அப்படித்தான் கிடைத்தது.

பணம் கொடுத்து ஆய்வாளரை அமர்த்தும் எண்ணம் உள்ளவர்கள், அதற்கு முன் இந்தத் தரவுத்தளத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளுமாறு தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பங்குப் பொறுப்பாளருக்கு எழுதுவதானால், தெரிந்த பெயர், ஏறக்குறைய பிறந்த ஆண்டு, தொழில், இந்தியாவில் கிடைத்த ஆதாரம் ஆகியவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிட்டு, ஒரு கடிதத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவர்கள் ஊதியமின்றி உழைப்பவர்கள் என்பதால் பதிலுக்குச் சில வாரங்கள் பொறுத்திருப்பதும் முறை.