கருப்பை வாய்த் திசுவைப் படிக்க: கண்ணாடி ஸ்லைடா, ஸ்கேன் செய்த ஸ்லைடா?

கருப்பை வாய்த் திசுவைக் கண்ணாடி ஸ்லைடிலும், அதையே ஸ்கேன் செய்து திரையில் பார்க்கும் படத்திலும் படித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஸ்கேன் செய்த ஸ்லைடு பக்கம்தான் சாய்ந்தேன். நிறம் மங்காது, ஒரே ஸ்லைடைப் பத்துப் பேர் பார்க்கலாம், கீழே விழுந்து உடையாது, இதெல்லாம் தெரிந்த கதை. என் மனதை மாற்றியது ஒரே ஒரு இடம்: கருப்பை வாயின் வெளிப்பக்கத்தை மூடும் தட்டையான செதிள் செல்கள் முடிந்து, உள்கால்வாயை மூடும் உயரமான தூண் செல்கள் தொடங்கும் அந்தச் சந்திப்பு.

வெளிப்பக்கத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதில் ஒரு சிரமமும் இல்லை. அடியில் நெருக்கியடித்து நிற்கும் செல்கள், மேலே போகப் போகத் தட்டையாகி, கிளைகோஜன் (செல்லுக்குள் சேமித்த சர்க்கரை) கரைந்துபோனதால் வெளுத்துத் தெரியும். உள்கால்வாயும் எளிதுதான், ஒற்றை வரிசைத் தூண் செல்கள், அடியில் ஒதுங்கிய உட்கரு, மேலே சளி. நடுவில்தான் வழி தப்பும். ஒருமுறை செதிள் அடுக்குக்குக் கீழே வட்டமாக ஒரு சளிச் சுரப்பியைப் பார்த்துவிட்டு, இது இங்கே எப்படி வந்தது என்று வெகுநேரம் குழம்பியிருக்கிறேன்.

ஸ்கேனில் அதே மாதிரி இடத்தைச் சுருக்கி, முழுத் துண்டையும் ஒரே பார்வையில் பார்த்து, அப்புறம் மெதுவாகப் பெரிதாக்கிக்கொண்டே போனபோதுதான் பிடிபட்டது. அது தனிச் சுரப்பியே இல்லை; மேற்பரப்பு உள்ளே மடிந்த பள்ளம், குறுக்கே வெட்டுப்பட்டதால் வட்டமாகத் தெரிகிறது. அதற்கு மேலேயும் ஒரு காலத்தில் தூண் செல்கள்தான் இருந்தன. பருவ வயதில் கருப்பை வாய் பெருத்து அவை வெளியே பிதுங்கி, யோனியின் அமிலம் பட்டு, அடியிலிருந்த ரிசர்வ் செல்கள் (வேறு வகையாக மாறக்கூடிய இருப்புச் செல்கள்) பெருகிச் செதிள் செல்களாக மாறிவிட்டன. பள்ளத்தின் வாய் மூடிக்கொண்டால் உள்ளே சளி தேங்கி நபோத்தியன் கட்டி ஆகிறது. ஆக, வெளிப்பக்கமாகக் கடைசிப் பள்ளம் எங்கே இருக்கிறதோ, பழைய சந்திப்பு ஏறக்குறைய அங்கேதான். இப்படி ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தொடர்ந்து போவது கண்ணாடியில் முடியாது என்றில்லை, ஆனால் லென்ஸ் மாற்றி மாற்றி நகர்த்துவதற்குள் நூல் அறுந்துவிடும்.

சரி, கண்ணாடிக்கு என்ன மிச்சம்? ஃபோகஸ். ஸ்கேன் பெரும்பாலும் ஒரே ஆழத்தில் எடுத்த படம், மேலும் கீழும் திருக முடியாது. சுரண்டி எடுத்துப் பூசிய செல்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் ஸ்மியரில் இது பெரிய குறை என்றே நினைக்கிறேன், ஆனால் ஸ்மியர்களைத் திரையில் நான் அதிகம் பார்த்ததில்லை. திசுத் துண்டிலேயே, தூண் செல்களுக்கு அடியில் தெரிவது ரிசர்வ் செல்லா, சாய்வாக வெட்டுப்பட்ட தூண் செல்லின் உட்கருவா என்ற சந்தேகம் வந்தால், இன்றும் கண்ணாடி ஸ்லைடைத்தான் எடுக்கிறேன்.