ஐகான்வ்: சொன்னதை மட்டும் செய்யும்

பழைய ப்ராஜெக்டின் சோர்ஸ் கோப்புகளை எல்லாம் யுடிஎஃப்-8 என்கோடிங்குக்கு, அதாவது எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாகச் சேமிக்கும் முறைக்கு, மாற்றும் வேலை தலையில் விழுந்தால் பெரும்பாலும் ஐகான்வ் என்ற கமாண்ட் லைன் கருவியில்தான் போய் நிற்போம். லினக்ஸிலும் மேக்கிலும் ஏற்கெனவே இருக்கிறது, காசு கிடையாது, வேகத்திலும் குறை இல்லை. எஃப் சுவிட்சில் இப்போதுள்ள என்கோடிங், டி சுவிட்சில் வேண்டியது, அவ்வளவுதான்.

சிக்கலே அந்த எஃப் சுவிட்சில்தான். கோப்பு எதில் இருக்கிறது என்று இது கண்டுபிடிக்காது, நாம் சொல்வதை அப்படியே நம்பும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய என்கோடிங்கான லத்தீன்-1 என்று சொல்லிவிட்டால் எர்ரர்கூட வராது, ஏனென்றால் அதில் 256 பைட் மதிப்புகளுக்கும் ஏதோ ஒன்று ஒதுக்கியிருக்கிறது. ஏற்கெனவே யுடிஎஃப்-8இல் இருப்பதை அப்படிக் கொடுத்துப் பாருங்கள்: கஃபே என்ற ஃபிரெஞ்சுச் சொல்லின் கடைசி எழுத்து (é) 195, 169 என்று இரண்டு பைட், அதைத் தனித்தனி எழுத்தாக எடுத்துக்கொண்டு நான்கு பைட்டாக்கிக் கொடுத்துவிடும். கமெண்டில் என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம், ஸ்ட்ரிங்கில் என்றால் வாடிக்கையாளர் போன் செய்வார்.

அதனால் முதலில் எஃப், டி இரண்டிலும் யுடிஎஃப்-8 என்றே கொடுத்து ஓட்டுங்கள். சத்தமில்லாமல் முடிந்தால் அந்தக் கோப்பைத் தொடவே வேண்டாம், வெறும் ஆஸ்கி (சாதாரண ஆங்கில எழுத்து, எண், குறிகள் மட்டும்) உள்ள கோப்புகளும் இதிலேயே தேறிவிடும். இத்தனையாவது பைட்டில் கோளாறு என்று நின்றால் அதுதான் மாற்ற வேண்டிய கோப்பு. என்கோடிங்கை ஊகிக்க ஃபைல் கமாண்டும் யுசார்டெட்டும் உண்டு, ஆனால் முழுக்க ஆங்கிலமாக இருந்து ஒரே ஒரு விசித்திர பைட் மட்டும் உள்ள கோப்பில் இரண்டும் ஜோசியம்தான்.

இதெல்லாம் வெறும் அழகு வேலை என்று நினைப்பவர்கள் ஷிஃப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானிய என்கோடிங்கில் எழுதிய கோடைப் பார்த்ததில்லை. அட்டவணைக்கு உரிய ஜப்பானிய கான்ஜி எழுத்தின் (表) இரண்டாவது பைட் அதில் 92, அதாவது பேக்ஸ்லாஷ்; வரியின் கடைசியில் வந்தால் அடுத்த வரியையும் இதோடு சேர் என்று அர்த்தம். சி++இல் இரட்டைச் சாய்கோடு (//) போட்ட கமெண்ட் அந்த எழுத்தில் முடிந்தால், என்கோடிங் தெரியாத கம்பைலர் அடுத்த வரியையும் கமெண்டாக்கி விழுங்கிவிடும். மாற்றியதும் அந்த வரிக்கு உயிர் வந்துவிடும், ப்ரோகிராம் வேறு மாதிரி நடந்தால் ஆச்சரியப்படாதீர்கள்!

எனக்குப் பிடிக்காதவை: வெளியீட்டை ரீடைரக்ட் செய்து அதே கோப்புக்கு அனுப்பினால், ஐகான்வ் படிக்கும் முன்பே ஷெல் கோப்பைக் காலி செய்துவிடும், தற்காலிகக் கோப்பு கட்டாயம். சி சுவிட்ச், மாற்ற முடியாத எழுத்துகளைக் கமுக்கமாகத் தூக்கிப் போட்டுவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள். நம்மவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, க்னூ சி நூலகத்தோடு வரும் ஐகான்வுக்குத் திஸ்கி என்ற பழைய தமிழ் என்கோடிங் தெரியும். பாமினி எழுத்துருவில் அடித்ததற்கு வேறு கருவிதான் பார்க்க வேண்டும்.

அப்புறம், இந்த மாற்றத்தைத் தனி கமிட்டாகப் போட்டு அதன் ஹாஷை ஒரு கோப்பில் எழுதி வைத்தால் கிட் 2.23 முதல், எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் பிளேமில் அதைத் தவிர்க்கச் சொல்லலாம். இல்லாவிட்டால் யாரோ எழுதிய வரிகளுக்கெல்லாம் உங்கள் பெயர்தான் வந்து நிற்கும்.